பிறந்த ஊர்ப் பத்தியம்

"மூஞ்சிக்கு வந்துட்டா இன்னாங்க பண்றது?"

"மூஞ்சிக்கு வராது."

"கழுத்துக்கு வராதுன்னு போன வாட்டி சொன்னீங்க."

"அப்போ கழுத்துல இல்லை, சொன்னேன். இப்போ மூஞ்சில இல்லை, சொல்றேன். சட்டையைக் கழட்டிட்டுத் திரும்பு."

தமிழ்வாணன் சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தான். முதுகெங்கும் சிவந்து தடித்த திட்டுகள். இடது தோளுக்குக் கீழே ஆப்பிரிக்கா இருந்தது. அதை ஒட்டி மடகாஸ்கர். இடுப்புப் பக்கம் பெயர் தெரியாத சில தீவுகள். காலையில் இருப்பவை மாலையில் மறைந்துவிடும். வேறு இடத்தில் வேறு கண்டங்கள் எழும்பும். எந்தக் கடலில் எது மிதக்கிறது என்று அவனுக்கே தெரியாது. சொறியத்தான் தெரியும்.

வைத்தியரம்மா அபிதகுசாம்பாள் கண்ணாடியை இறக்கி எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்.

"காணாக்கடிதான். சந்தேகமே இல்லை. இன்னா வேலை பண்றே?"

"பட்டுச் சேலை ஏஜெண்டுங்க. சாம்பிளைத் தூக்கிகினு ஊர் ஊரா கடைங்களுக்குப் போய் ஆர்டர் பிடிக்கணும்."

"நேத்து எங்க சாப்பிட்டே?"

"சேலத்துலங்க."

"அதுக்கு முந்தி?"

"விஜயவாடா."

"தண்ணி?"

"கிடைக்கிற எடத்துலங்க."

வைத்தியரம்மா இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோலத் தலையாட்டினார். "உன் உடம்புக்கு நாம எந்த ஊர் ஆளுன்றதே மறந்து போச்சு தம்பி. எது சொந்தம், எது அசலுன்னு தெரியாம உள்ள வர்றதை எல்லாம் எதிர்த்துச் சண்டை போடுது. ஊசி போட்டா ரெண்டு நாள் அடங்கும். மறுபடி கிளம்பும். நான் சூரணம் தர்றேன், தேன்ல குழைச்சி சாப்பிடு. ஆனா பத்தியம் முக்கியம். எந்த மண்ணுல பொறந்தியோ, அந்த மண்ணுல விளைஞ்சதை மட்டும்தான் சாப்பிடணும். அரிசி, பருப்பு, கீரை, எண்ணெய் எல்லாம். ஒரு வாரம் இருந்து பாரு."

"உப்பு?"

"உப்பு கடல்ல இருந்து வருது. அதுக்கு ஊரு கிடையாது. போட்டுக்கோ. எங்க பொறந்தே?"

தமிழ்வாணன் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மா சின்னம்மாள் முந்திக்கொண்டாள்.

"ஆரணிதாங்க. இங்கயேதான்."

"அப்போ சுலபம். உள்ளூர் சோறு. ஓடு."

ஓடத்தான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். தமிழ்வாணனுக்கு அதற்கு முன் பார்த்த வரன்கள் எல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போயின. ஊர் சுற்றுகிறவன் என்றார்கள், தலைமுடி கொட்டுகிறது என்றார்கள், ஒருவர் காரணமே சொல்லாமல் காபி குடித்துவிட்டுப் போனார். அவற்றுக்கெல்லாம் அவன் வருத்தப்பட்டதில்லை. இந்தமுறை அப்படி விட முடியாது. பெண் பார்க்கப் போன அன்று எல்லோரும் ஹேமலதாவைப் பாடச் சொன்னார்கள், படிப்பைக் கேட்டார்கள், நடக்கச் சொன்னார்கள். இவன் மட்டும், "உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டான். அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்ததை அவன் பார்த்துவிட்டான். அவள் சிரித்த சிரிப்பு சேலம், விஜயவாடா எல்லாம் அவனோடு பஸ்ஸில் வந்தது.

பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. இனி பெண்ணின் அப்பாவுக்கு மாப்பிள்ளையின் வீடும் முகமும் பிடிக்க வேண்டும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பாக்கி முகம்தான்.

"அரிசிக்குப் பிரச்னையே இல்லை," என்றான் தமிழ்வாணன், வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு. "ஊரு பூரா ஆரணி அரிசிதான்."

அவனோடு பள்ளிக்கூடத்தில் படித்த துரை வாசற்படியில் சாய்ந்து சிரித்தான். துரைக்கு ஒரு ரைஸ் மில்லில் வேலை.

"எதைப் பாத்துடா சொல்றே?"

"மூட்டையைப் பாத்துதான். ஆரணி அரிசின்னு போட்டிருக்குதே."

"சாக்கு ஆரணி. மிஷினு ஆரணி. சாக்கைத் தைக்கிற ஆளு ஆரணி. நெல்லு கர்நாடகா லாரில வந்து எறங்குது மச்சான்."

தமிழ்வாணன் ஒரு மூடியைத் திறந்தான். "துவரம்பருப்பு?"

"வடக்க இருந்து வருது."

"வெங்காயம்?"

"அதுவும் வடக்க. இன்னும் கொஞ்சம் மேல."

"மிளகாய் குண்டூரு. அது எனக்கே தெரியும், அந்த ஊர்ல சேலை வித்திருக்கேன்." அவன் அடுத்த டப்பாவைத் திறந்தான். மூடவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றான். டீத்தூள்.

"டேய், வெச்சிடுடா," என்றான் துரை மெதுவாக, இழவு வீட்டில் பேசுவதுபோல.

முன்னறையில் தறி ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. தமிழ்வாணனின் அப்பா பொன்னுசாமி தறிக்குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்தால், கேள்வி எதுவானாலும் தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாதான் பதில் சொல்லும். அவர் குழிக்குள்ளிருந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"எனக்கு டீ போட்டுடு சின்னம்மா."

துரை தன் டிவிஎஸ் வண்டியில் சேவூர்ப் பக்கம் போய், ஒரு விவசாயி வீட்டுக்கென்று வைத்திருந்த அரிசியைக் கெஞ்சி வாங்கி வந்தான். கேழ்வரகு கிடைத்தது. கீரை கிடைத்தது. வேர்க்கடலைக்குப் பஞ்சமில்லை. சின்னம்மாள் களி கிண்டினாள், கீரை கடைந்தாள், கடலையை வறுத்துத் துவையல் அரைத்தாள். தமிழ்வாணன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையில் களி, மத்தியானம் களி, சாயங்காலம் பழைய களி என்று உட்கார்ந்து சாப்பிட்டான். டீக்கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனான். கடைக்காரர் ஒருநாள் எதிரிலேயே வந்து, "இன்னா தம்பி, நம்ம கடையில எதுனா தப்பாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"இல்லண்ணே. உங்க டீ நீலகிரில பொறந்தது. நான் ஆரணில பொறந்தவன்."

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று முடிவு செய்துகொண்டு போனார்.

புதன்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தபோது வலது கன்னத்தில் ஆஸ்திரேலியா இருந்தது.

"மூஞ்சிக்கு வராதுன்னீங்க!"

"சுத்தமா இருந்தியா?" என்று கேட்டார் வைத்தியரம்மா.

"தேன்கூட உள்ளூர் புளியமரத்துல எடுத்ததுங்க."

"அப்போ மண்ணு தப்பு." அவர் சின்னம்மாளைப் பார்த்தார். "இவன் தலைச்சனா?"

"ஒரே புள்ளைங்க."

"தலைச்சனுக்குப் பிரசவம் அம்மா வீட்ல இல்ல பாப்பாங்க? உங்களுக்கு அம்மா வீடு எது?"

சின்னம்மாள் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததைக் கலைத்து மறுபடியும் சரிசெய்தாள்.

"போளூருங்க."

"அங்கதான் பெத்தீங்களா?"

"ஆமாங்க. போளூர்லதான். அதேதான்."

வெளியே வந்ததும் தமிழ்வாணன் கேட்டான். "ஏம்மா, இதை அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"மறந்துட்டேன்டா."

"புள்ளை பெத்த ஊரை யாராவது மறப்பாங்களா?"

"நீ பெத்துப் பாரு, அப்போ தெரியும்."

"ஜாதகத்துல ஆரணின்னு போட்டிருக்குதே?"

"ஜோசியர் ஆரணில இருந்தாரு. அவர் ஊரைப் போட்டுக்கினாரு. ஜல்தியா நட, வெயில் ஏறுது."

வீட்டுக்கு வந்ததும் தமிழ்வாணன் தறிக்குழி ஓரமாகக் குந்தினான். "நைனா, நான் எங்க பொறந்தேன்?"

"ஆரணி," என்றார் பொன்னுசாமி.

"போளூரு," என்றாள் சின்னம்மாள் பின்னாலிருந்து, அதே நொடியில்.

பொன்னுசாமி மனைவியைப் பார்த்தார். "போளூரு," என்று திருத்திக்கொண்டு, நாடாவை வேகமாக வீசினார்.

மறுநாள் துரையின் வண்டியில் இருவரும் போளூர் சந்தைக்குப் போனார்கள். தமிழ்வாணன் கன்னத்தை மறைக்கத் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தான். பார்ப்பவர்கள் பல்வலி என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்கள்.

"இந்தக் கத்தரிக்கா இந்த ஊர்ல காய்ச்சதாங்க?"

"நல்லா இருக்குதா, சொத்தை இருக்குதா, அதைப் பாரு," என்றாள் காய்க்காரி. "கத்தரிக்காவுக்குப் பொண்ணு பாக்கறியா, ஊரு பேரெல்லாம் கேக்கறே?"

"சொல்லுங்கக்கா, அவசரம்."

"ஆரணிலருந்து காலைல வண்டில வருதுப்பா."

தக்காளி ஆந்திரா. உருளைக்கிழங்கு எங்கிருந்து வருகிறது என்று வியாபாரிக்கே தெரியவில்லை. அதற்குள் சந்தையில் ஒரு பேச்சு பரவிவிட்டது: இரண்டு பேர் ஒவ்வொரு கடையாக விசாரித்துக்கொண்டு வருகிறார்கள், அதில் துண்டு கட்டியவர்தான் பெரிய அதிகாரி. அவர்கள் மூன்றாவது வரிசைக்குப் போனபோது பாதிக் கடைகளில் சாக்கு போட்டு மூடியிருந்தது. ஒரு பெரியவர் இரண்டு இளநீரை வெட்டி நீட்டி, "பாத்துச் செய்ங்க சார்," என்றார். தமிழ்வாணன் இளநீரைக் கையில் வாங்காமலே கேட்டான்.

"இது எந்த ஊருங்க?"

பெரியவர் இளநீரோடு பின்வாங்கினார்.

கடைசியில் தாய்மாமன் வேடியப்பன் வீட்டுக்குப் போனார்கள். மாமா தன் வயல் அரிசியில் கால் மூட்டை கட்டிக் கொடுத்தார். முருங்கைக்காய் பறித்துக் கொடுத்தார். எல்லாம் போளூர் மண்.

"மாமா, நான் இந்த வீட்லதான் பொறந்தேனா?"

"அப்படித்தான் இருக்கும்."

"இருக்குமா?"

"அந்த வருஷம் நான் மிலிட்டரில இருந்தேன்பா. காஷ்மீர்ல. அங்க ஒரே பனி," என்று சொல்லிவிட்டு மாமா பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், அவர்கள் வண்டியைக் கிளப்பும் வரை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தமிழ்வாணன் போளூர் சோற்றை முதன்முதலாகச் சாப்பிட்டான். முருங்கைக்காயைக் கடித்துக்கொண்டே, ஊறல் குறைந்துகொண்டு வருவதாகச் சொன்னான். சாயங்காலத்துக்குள் நெற்றியில் ஐரோப்பா முழுவதும் வந்து சேர்ந்தது. மூக்கின் மேல் தனியாக இங்கிலாந்து.

"போளூர் அரிசிதானேம்மா போட்டே?"

சின்னம்மாள் அழ ஆரம்பித்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று விடியற்காலையில் பொன்னுசாமி தெருவில் சேலைக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார். பட்டுப் பாவு விறைப்பாக நிற்க வேண்டுமானால் அரிசிக் கஞ்சியில் நனைத்துக் காயவைக்க வேண்டும். எப்போதும் கஞ்சிக்கு வைத்திருக்கும் அரிசி தீர்ந்துபோயிருந்தது. கதவு மூலையில் ஒரு கால் மூட்டை இருந்தது. பொன்னுசாமி யாரையும் எழுப்பிக் கேட்கும் ஆள் இல்லை. அக்கம்பக்கத்துப் பாவுகளுக்கும் சேர்த்து அண்டாவில் போட்டுக் காய்ச்சிவிட்டார். சின்னம்மாள் எழுந்து பார்க்கும்போது சாக்கு மட்டும் மடித்து வைத்திருந்தது. மகன் பசியோடு உட்கார்ந்திருந்தான். கடையில் வாங்கிய மூட்டை அரிசியைப் போட்டு வடித்துவிட்டாள்.

"கர்நாடகா லாரி அரிசியா?" என்று அலறினான் தமிழ்வாணன்.

"நல்ல அரிசிடா உங்க மாமனது," என்றார் பொன்னுசாமி, பாவை விரலால் சுண்டிப் பார்த்தபடி. "பாவு எப்படி நிக்குது பாரு."

துரை நிதானமாகப் பாவைப் பார்த்தான். பிறகு தமிழ்வாணனைப் பார்த்தான். "ஓரமா கொஞ்சம் நக்கிப் பாக்கிறியா?"

"போடா!"

சனிக்கிழமை காலையில் தமிழ்வாணனுக்கு இடது கண் திறக்கவில்லை. உதடு ஒரு பக்கம் வீங்கி, அவன் எதைச் சொன்னாலும் யாரையோ கிண்டல் செய்வதுபோல இருந்தது. திறந்திருந்த ஒரு கண்ணால் அவன் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"விட்டுடலாம் துரை. போன் பண்ணி ஞாயித்துக்கிழமை வேணாம்னு சொல்லிடு. ஒரு தடவை தள்ளிப்போட்டா, ஏதோ வியாதின்னு பேசுவாங்க. அப்புறம் வர மாட்டாங்க. பரவாயில்ல. அந்தப் பொண்ணு நல்லாத் தூங்கட்டும்."

அவன் சொன்னவிதம் யாருக்கும் சிரிப்பை வரவழைக்கவில்லை. தறிகூட நின்றிருந்தது.

"எதுக்குடா பேஜாராவறே?" என்றான் துரை. "இன்னும் ஒரு நாள் இருக்குது. நான் போளூருக்குப் போறேன், உங்க மாமாவை உலுக்கி இன்னொரு மூட்டை எடுத்துகினு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்." அவன் வெளியே போய் வண்டியின் பெடலை மிதித்தான். வண்டி இருமியது, கிளம்பியது.

"வேணாம்!" என்று கத்தினாள் சின்னம்மாள்.

துரை வண்டியை நிறுத்தினான்.

"போளூர் அரிசி வேலைக்காவாது."

"ஏம்மா?"

சின்னம்மாள் மகனின் வீங்கிய கண்ணைப் பார்த்தாள். பிறகு தறிக்குழியைப் பார்த்தாள்.

"வந்தவாசி," என்றாள்.

"எது வந்தவாசி?"

"நீ பொறந்தது. வந்தவாசிப் பக்கம்."

தமிழ்வாணன் ஒற்றைக் கண்ணை அகலத் திறந்தான். "ஆரணிலருந்து போளூருக்குப் பிரசவத்துக்குப் போனவ, வந்தவாசிக்கு எப்படிம்மா போனே? அது இந்தக் கோடி, இது அந்தக் கோடி!"

"பஸ் மாறி ஏறிட்டேன்."

"நிறைமாசத்துலயா?"

"நிறைமாசத்துல போர்டு சரியாத் தெரியலடா!"

இதற்குமேல் கேட்டால் அழுவாள் என்று தெரிந்தது. ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சவங்க இருக்காங்க, போன் பண்ணி அரிசி கொண்டாரச் சொல்றேன்," என்று தெருமுனை எஸ்டிடி பூத்துக்குப் போனாள். துணைக்கு வருவதாகச் சொன்ன துரையை வேண்டாம் என்றாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினாள். அரிசி கேட்க எதற்கு இவ்வளவு பேச்சு என்று பூத்துக்காரர் தமிழ்வாணனிடம் பின்னால் விசாரித்தார்.

"எனக்குப் புரிஞ்சி போச்சுடா," என்றான் துரை.

"இன்னா புரிஞ்சுது?"

"உங்க நைனாவும் அம்மாவும் லவ் மேரேஜ். ஓடிப் போயிருக்காங்க. போளூரு வேணாம், ஆரணி வேணாம்னு வந்தவாசில ஒளிஞ்சிகினு இருந்திருக்காங்க. நீ அங்க பொறந்திருக்கே. அதான் ஆளாளுக்கு ஒரு ஊரு சொல்றாங்க. உங்க மாமா ஏன் காஷ்மீருக்கு ஓடினாரு? வெக்கம்!"

தமிழ்வாணன் யோசித்தான். எல்லாம் பொருந்தியது. அன்று முழுவதும் அவன் அப்பாவை ஒரு புதிய மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காத இந்த மனிதர், ஒரு காலத்தில், இரவு பஸ்ஸில், பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு, வந்தவாசிக்கு இரண்டு டிக்கெட் கேட்டிருக்கிறார். அந்தக் காட்சியில் அப்பாவுக்கு ஒரு நல்ல தலைமுடியும் இருந்தது.

"இன்னாடா அப்படிப் பாக்கறே?" என்றார் பொன்னுசாமி.

"ஒண்ணுமில்ல நைனா. பெரிய ஆளு நீ."

பொன்னுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. பாவு நன்றாக நிற்பதைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

சாயங்காலம் வந்தவாசி பஸ்ஸில் வந்தது அரிசி மட்டும் இல்லை. தலையில் ஒரு மூட்டையும் இடுப்பில் ஒரு கூடையுமாக ஒரு பெண்மணி வந்தார். அம்மாவைவிடச் சில வயது குறைந்தவர். வெயிலில் நின்று வேலை செய்த கறுப்பு.

"இவங்க முனியம்மா," என்றாள் சின்னம்மாள். "நிலம் வெச்சிருக்காங்க. எல்லாம் இவங்க கொல்லைல விளைஞ்சது."

முனியம்மாள் தமிழ்வாணனின் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த முகத்தைப் பார்த்ததும் 'ஐயையோ' என்றார்கள். இவர் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். மூட்டையை இறக்கவே மறந்துபோனதுபோல இருந்தது. துரைதான் எழுந்து இறக்கி வைத்தான்.

சமைக்கிறேன் என்றும் அவரே சொன்னார். அம்மா தன் அடுப்பை யாருக்கும் விடுகிறவள் இல்லை, அன்று விட்டாள். தமிழ்வாணன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து, ஏமாந்தது போதும் என்று ஒவ்வொன்றாக விசாரித்தான்.

"கீரை?"

"வீட்டாண்ட இருக்கிற முருங்கை மரங்க."

"புளி?"

"ஏரிக்கரை மரம்."

"நெய்யி?"

"நம்ம எருமைங்க."

"எருமை எந்த ஊர்ல வாங்கினது?"

"டேய்!" என்றாள் சின்னம்மாள்.

முனியம்மாள் சிரித்தார். "அதுவும் எங்க வீட்லயே பொறந்ததுதாங்க."

தமிழ்வாணன் சாப்பிட்டான். கெட்டியான சிவப்பு அரிசிச் சோறு. ஒரு வாரமாகச் சாப்பாடு என்பதே மறந்துபோயிருந்த வயிறு, அதைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. முனியம்மாள் எதிரில் உட்கார்ந்து, அவன் கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க தம்பி."

"போதுங்க. உங்களுக்கு இல்லாம போயிடும்."

"எனக்கு என்னாத்துக்குங்க?" என்றார் அவர், கரண்டியைக் கவிழ்த்தபடி.

சூரணம் வேலை செய்ததா, சோறு வேலை செய்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐரோப்பாவைக் காணோம். இங்கிலாந்து மூழ்கிவிட்டது. கண் திறந்திருந்தது. காதின் பின்னால் ஒரு சின்னத் தீவு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தலைமுடியை இறக்கி வாரி மறைத்தார்கள்.

சேத்துப்பட்டார் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா சக்கரவர்த்தி வீட்டைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், பாவைத் தொட்டுப் பார்த்து, "பிரமாதமா நிக்குதே," என்றார். பொன்னுசாமி முதல்முறையாகப் புன்னகைத்தார். பிறகு சக்கரவர்த்தி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சம்பிரதாயத்துக்காக ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்.

"மாப்பிள்ளை பொறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஊர்தானே?"

சின்னம்மாள் பலகாரத் தட்டோடு நடுவழியில் நின்றாள். பொன்னுசாமி மேலே ஓட்டுக்கூரையைப் பார்த்தார். துரைக்கு இருமல் வந்தது.

"அதை மட்டும் கேக்காதீங்க," என்றான் தமிழ்வாணன். "ஒரு வாரமா அதுலதான் மாட்டிகினு இருக்கேன்."

சொல்லிவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. காணாக்கடி, பத்தியம், டீக்கடைக்காரர், போளூர்க் கத்தரிக்காய், பாவில் ஏறிய அரிசி, பஸ் மாறி ஏறிய அம்மா எல்லாவற்றையும் கொட்டினான். முடியைத் தூக்கிக் காதுக்குப் பின்னால் இருந்த தீவையும் காட்டிவிட்டான். அவன் பேசி முடித்தபோது துரை தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

சக்கரவர்த்தியின் தோள்கள் குலுங்கின. அவர் அழுகிறார் என்றே முதலில் நினைத்தார்கள். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. அவருடைய தங்கை முதுகைத் தட்டினாள்.

"எந்த ஊரா இருந்தா என்னா மாப்பிள்ளை! எங்க ஹேமலதா சமைச்சா எல்லா ஊர் அரிசியும் ஒரே மாதிரிதான் இருக்கும். உங்க உடம்புக்கு வித்தியாசமே தெரியாது." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "மனசுல எதையும் மறைக்கத் தெரியல உங்களுக்கு. அது போதும். நல்ல நாள் பாத்துத் தட்டு மாத்திக்கலாம்."

அவர்கள் கிளம்பிப் போன பிறகும் தமிழ்வாணன் வாசலிலேயே நின்றிருந்தான். தெரு, பாவு கட்டும் கம்பங்கள், எதிர்வீட்டு ஆடு எல்லாம் அவனுக்கு அழகாகத் தெரிந்தன. துரை இரண்டு டீ வாங்கி வரப் போயிருந்தான். அப்போதுதான் வந்தவாசி அம்மாவின் நினைவு வந்தது. இந்தக் கல்யாணமே அவர் சோற்றால்தான் கூடிவந்தது. ஒரு வார்த்தை நன்றிகூடச் சொல்லவில்லை. பெண் வீட்டார் இருந்த நேரம் முழுவதும் அவர் கூடத்துப் பக்கம் தலையே காட்டவில்லை.

ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அம்மா பெண் வீட்டாருக்கென்று எடுத்து வைத்து மிச்சமிருந்த ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு அவன் பின்கட்டுக்குப் போனான். கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா, முனியம்மாளின் காலிக் கூடையில் பலகாரப் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்களும் சிவந்திருந்தன.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு முனியம்மா," என்றாள் அம்மா.

முனியம்மாள் கூடையை எடுக்கவில்லை.

"பெத்து உங்க கையில குடுத்த அன்னிக்குத் தொட்டதுதான், அக்கா. பஸ்ஸு போனா போவட்டும், ஒரே ஒரு வாட்டி அவன் கன்னத்தைத் தொட்டுட்டுப் போகட்டுமா?"